நாலாவது எண்

எடிசன், நியூஜெர்சி
அக்டோபர் 2025

அன்புள்ள மாப்ள,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. நீ கேட்ட கேள்வி அப்படி. அதற்கு வருகிறேன். முதலில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே. கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு வா, உச்சிப்பிள்ளையார் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். தங்கச்சிக்கு சர்க்கரை குறைந்ததா? அதையும் எழுது.

இங்கே எல்லாரும் நலம். பெரியவள் பாஸ்டனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவள் அறை காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது, அதனால் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

சரி, உன் கேள்வி. ஏஓஎல் என்ற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி, போன் லைன் வழியாக இன்டர்நெட் தரும் தன் டயல்-அப் சேவையை செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதைப் படித்துவிட்டு, "அது காசு கட்டி ஓட்டினது. நாம சல்லிக்காசு கட்டாம ஓட்டினோமே, அது எப்படா போச்சு, ஏன் போச்சு?" என்று நம் பழைய இலவச இன்டர்நெட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் படித்த அன்று ராத்திரி பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பழைய பெட்டிகளைக் கிளறினேன். உன் நீல ஸ்பைரல் நோட்டு கிடைத்தது. 2000-ஆம் வருஷத்து நோட்டு. நீ ஊருக்குத் திரும்பியபோது விட்டுவிட்டுப் போனது.

முதல் பக்கத்தில் நாலு போன் நம்பர். இன்டர்நெட்டுக்காக நாம் டயல் செய்த நம்பர்கள். முதலாவதற்குப் பக்கத்தில் "எப்பவும் எங்கேஜ்" என்று இருக்கிறது. இரண்டாவதற்கு "வேகம் பரவாயில்லை". மூன்றாவதைச் சுற்றி சிவப்பில் வட்டம் போட்டு, "தொடாதே". ஞாபகம் வருகிறதா? பக்கத்து ஊர் நம்பர்தானே, நம்ம 732-தானே என்று பத்து நாள் அதில் ஓட்டினோம். ஏரியா கோடு ஒன்றாக இருந்தாலும் அது லோக்கல் கால் இல்லை என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. 84 டாலர். அறையில் இருந்த ஆறு பேரும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கு 14 டாலர் என்று பிரித்தோம். ப்ராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் காத்திருந்த காலம் அது. கன்சல்டன்சிக்காரர் கொடுத்த பாதிச் சம்பளத்தில் அந்த 14 டாலர் ஒரு வார அரிசி, பருப்பு, பால்.

அந்த நிலையில் இருந்தவர்களுக்கு இலவச இன்டர்நெட் என்ன என்பதை இன்று யாருக்கும் விளக்க முடியவில்லை. காலிங் கார்டில் ஐந்து டாலர் போட்டால் அம்மாவோடு பத்து நிமிஷம் பேசுவதற்குள் "ஒரு நிமிடம் மீதி" என்று குரல் வரும். மெயிலுக்குக் காசு இல்லை. "அம்மா, நான் நன்றாக இருக்கிறேன்" என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டால், தம்பி பிரவுசிங் சென்டரில் அதை பிரின்ட் எடுத்துப் போய் வீட்டில் படித்துக் காட்டுவான். அம்மா அந்தத் தாள்களைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்ததைப் போன வருஷம்தான் பார்த்தேன். மை மங்கிவிட்டது, ஆனால் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

அப்புறம், ஏன் போனது என்று கேட்டாயே. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அப்போது பெரும்பாலான வீட்டுப் போன்களில் லோக்கல் காலுக்கு நிமிஷக் கணக்கு கிடையாது. மாத வாடகை கட்டிவிட்டால் நாள் முழுக்க லைனைத் திறந்து வைத்திருக்கலாம். அதனால் நாம் பத்து மணி நேரம் ஓட்டினாலும் அந்த இலவச கம்பெனிக்குப் போன் கம்பெனியிடமிருந்து ஒரு பைசா வராது. அந்தப் பக்கம், நமக்காகத் திறந்து வைத்த ஒவ்வொரு மோடத்துக்கும் லைனுக்கும் அவர்கள் பெரிய நெட்வொர்க் கம்பெனிகளுக்கு வாடகை கட்ட வேண்டும். வருமானம் ஒன்றே ஒன்றுதான், திரையில் ஓடிய அந்த விளம்பரப் பட்டை. நெட்ஜீரோ என்ற கம்பெனி 1998 அக்டோபரில் இதை வைத்துத்தான் தொடங்கியது. ஜூனோ அதற்கும் முன்னால், 1996-இல் இலவச மெயிலோடு வந்து, 1999 கடைசியில் முழு இன்டர்நெட்டையும் இலவசமாக்கியது. ஆல்டாவிஸ்டா, ஃப்ரீஐ, கேமார்ட் கடைக்காரர்களின் ப்ளூலைட் என்று பின்னாலேயே வரிசை கட்டி வந்தார்கள்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே அப்போது லோக்கல் காலுக்கும் நிமிஷக் கணக்கு இருந்தது. டயல் செய்தால் ஓடும் மீட்டர் காசில் ஒரு பங்கு, அந்த அழைப்பை மறுமுனையில் வாங்கிச் சேர்க்கும் போன் கம்பெனிக்குப் போனது. அதில் ஒரு பங்கை அவர்கள் இன்டர்நெட் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். டிக்ஸன்ஸ் என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்கள் 1998 செப்டம்பரில் ஃப்ரீசர்வ் தொடங்கியது இந்தக் கணக்கில்தான். கடைக்கு வந்தவர் கையில் சும்மா ஒரு சிடியைக் கொடுத்தார்கள். சில மாதத்தில் அந்த நாட்டின் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. சந்தா இலவசம், ஆனால் மீட்டர் ஓடியது. அங்கே வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் இருந்தாரோ அவ்வளவு லாபம். இங்கே நாம் எவ்வளவு நேரம் இருந்தோமோ அவ்வளவு நஷ்டம். அந்த ஊர் ஜனங்களும் பிறகு மீட்டர் இல்லாத இணைப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள், அதோடு அந்த வழியும் அடைபட்டது. 2000 டிசம்பரில் பிரான்சின் வனாடூ என்ற இன்டர்நெட் கம்பெனி ஃப்ரீசர்வை வாங்க ஒப்பந்தம் போட்டது.

நம்ம ஊரிலும் கொல்கத்தாவில் கால்டைகர் என்று ஒன்று விளம்பரப் பட்டையோடு இலவசமாக வந்தது. அரசாங்கத்தின் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-இல் இன்டர்நெட்டைத் திறந்தபோது ஆயிரக்கணக்கில் ரூபாய் கேட்ட நாட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பார். ஆனால் நம்ம ஊரிலும் அப்போது போன் மீட்டர் ஓடியது.

இப்போது அந்தப் பட்டைக்கு வருகிறேன். சைன்-அப் செய்த ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டர் நம் ஆறு பேரில் சின்னவர் பெயரில் வாங்கியது, எடிசன் யார்டு சேலில் 60 டாலர். வயது, கல்யாணம் ஆனவரா, என்ன பொழுதுபோக்கு, வருஷ வருமானம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். வருமானம் வந்ததும் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பெஞ்சில் இருப்பவனுக்கு எது வருமானம்? கடைசியில் நீதான் "ஆஃபர் லெட்டர்ல இருக்கறதைப் போடு" என்றாய். போட்டோம். அன்றிலிருந்து நமக்குக் கார் விளம்பரமும் பங்குச்சந்தை விளம்பரமும் வந்தன. கார் வாங்கும் ஆள் என்று நம்மை நம்பி யாரோ அந்த இடத்துக்குக் காசு கொடுத்தார்கள்.

இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது மாப்ள. விளம்பரம் கொடுப்பவனுக்கு வேண்டியது வாங்கும் சக்தி உள்ள ஆள். இலவசம் என்றதும் ஓடி வருவதும், ராப்பகலாக லைனைப் பிடித்து வைத்திருப்பதும் அந்த சக்தி இல்லாத ஆள். மாதம் இருபது டாலர் கட்ட முடிந்தவர்கள் ஏஓஎல் போனார்கள். வேலை தேடுகிறவர், மாணவர், ஊரை விட்டு வந்தவர், ஓய்வூதியத்தில் இருக்கும் பாட்டி, இவர்கள் இங்கே வந்தார்கள். அந்த இலவச கம்பெனிகளுடைய நஷ்டக் கணக்கு என்று ஒன்று இருந்ததே, அது நாம் ஆறு பேர்தான். நான் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொல்கிறேன். யாரோ ஒருவருடைய முதலீட்டுப் பணத்தில் நம் அம்மாக்களுக்குக் கடிதம் போனது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நம் வீட்டிலேயே பார்த்தோம். ஏப்ரலில் உனக்குப் ப்ராஜெக்ட் கிடைத்ததே, ஆன்லைனில் பூங்கொத்து விற்ற கம்பெனி. ஒரு ராத்திரி பட்டையில் அவர்களுடைய விளம்பரமே வந்தது. "நான் டெஸ்ட் பண்ண பேஜுடா" என்று எல்லாரையும் எழுப்பிக் காட்டினாய். அந்தக் கம்பெனி முதலீட்டாளர் பணத்தில் விளம்பரம் கொடுத்தது, அந்த விளம்பரக் காசில் நமக்கு இன்டர்நெட் வந்தது. 2000 மார்ச் 10-இல் நாஸ்டாக் பங்குச்சந்தைக் குறியீடு 5,048-ஐத் தொட்டு இறங்க ஆரம்பித்தபோது முதலில் வெட்டப்பட்டது விளம்பரச் செலவு. இணையக் கம்பெனிகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த பணம் அது. ஒன்று விழுந்ததும் எல்லாம் விழுந்தன. அக்டோபரில் ஃப்ரீஐ திவாலானது. டிசம்பரில் ஆல்டாவிஸ்டாவின் இலவச இணைப்பு நின்றது. நெட்ஜீரோ முதலில் மாதத்துக்கு 40 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, அடுத்து 10 ஆக்கியது. 2001 செப்டம்பரில் நெட்ஜீரோவும் ஜூனோவும் ஒன்றாகி யுனைட்டெட் ஆன்லைன் ஆயின. அதற்குப் பிறகு முழு முயற்சியும் மாதம் பத்து டாலர் கட்டும் சந்தாதாரரைப் பிடிப்பதில்தான்.

இதற்கு நடுவில் 2001 பிப்ரவரியில் ஜூனோ கொண்டுவந்த ஒரு யோசனையை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். இலவசமாக ஓட்டுகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்க வேண்டி வரலாம், அது சும்மா இருக்கும் நேரத்தில் மற்ற கம்பெனிகளின் ஆராய்ச்சிக் கணக்குகளைப் போட்டுக்கொள்வோம் என்று விதிமுறையில் எழுதிவிட்டார்கள். லட்சக்கணக்கான வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர். கரண்ட் பில் நம்முடையது. அது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. விளம்பரப் பட்டையை நான் ஒருநாளும் தப்பு என்று நினைத்ததில்லை. அது கண்ணெதிரே இருந்தது, விலை அதுதான் என்று தெரிந்தே உட்கார்ந்தோம். வீட்டுக்காரன் தூங்கும்போது மெஷினை எடுத்து ஓட்டுவது வேறு ஜாதி.

நீ ஊருக்குப் போனது அடுத்த மாதம். பூ கம்பெனி மூடி, விசா கையில் இருந்தும் வேலை இல்லாமல், 2001 மார்ச்சில் நியூவர்க் ஏர்போர்ட்டில் உன்னை ஏற்றிவிட்டோம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் நாம் ஓட்டிய சேவை "இந்த மாதத்து நேரம் முடிந்தது" என்றது. உனக்கு மெயில் போட உட்கார்ந்தவன் அப்படியே எழுந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இரண்டும் ஒரே செய்தியாகத்தான் பட்டது. அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

பிராட்பேண்ட் வந்து டயல்-அப்பையே முடித்தது பிறகு நடந்த கதை, உனக்கும் தெரியும். அமெரிக்காவில் வயதுவந்தவர்களில் 2000-இல் 34 சதவீதம் பேர் வீட்டில் டயல்-அப் வைத்திருந்தார்கள், 2013-இல் 3 சதவீதம். இலவசம் அதற்கு வெகு முன்பே போய்விட்டது. நெட்ஜீரோவின் அந்த மாதம் பத்து மணி நேர இலவசம் மட்டும் வருஷக்கணக்காக ஒரு மூலையில் இருந்தது. இந்த நாட்டில் 2023 கணக்கிலும் சுமார் 1,63,000 வீடுகளில் டயல்-அப் மட்டும்தான். கேபிள் போகாத மலைப்பக்கம், பண்ணை வீடுகள். ஏஓஎல் மூடியபோது ஊரெல்லாம் அந்த மோடம் சத்தத்தைப் போட்டுப் போட்டு ரசித்தார்கள். எனக்கு அந்த வீடுகளின் ஞாபகம்தான் வந்தது. செப்டம்பர் 30 ராத்திரி அவர்களில் யாராவது பேரனுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நோட்டின் நாலாவது எண்ணைச் சொல்லாமல் விட்டேனே. அதற்குப் பக்கத்தில் உன் கையெழுத்தில் "ராத்திரி 2 மணிக்கு மேல்" என்று இருக்கிறது. அந்த நேரத்தில்தான் லைன் காலியாக இருக்கும் என்று நீ சொல்வாய், நாங்களும் நம்பி 2 மணிக்கு மேல் உன்னை விட்டுவிடுவோம். நேற்று சும்மா கணக்குப் போட்டேன். குளிர்காலத்தில் இங்கே ராத்திரி 2 என்றால் திருச்சியில் மதியம் 12.30. தங்கச்சி அப்போது தில்லைநகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் எத்தனை மணிக்கு என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தங்கச்சியிடம் காட்டு. என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்