வேலூர் குட்டி யானை ஓட்டுநர் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கு வணக்கம்.

கிரீன் சர்க்கிள் பக்கமும் சத்துவாச்சாரியிலும் காட்பாடி ரோட்டிலும் குட்டி யானையை, அதாவது டாடா ஏஸ் மினி லாரியை, நிறுத்திக்கொண்டு வாடகைக்குக் காத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் சத்துவாச்சாரியில் பைக் மெக்கானிக். வழியில் நின்றுபோன வண்டிகளை என் கடைக்குத் தூக்கி வந்து இறக்குவது நீங்கள்தான். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

கொஞ்ச நாளாக உங்களுக்குப் புதிதாக ஒரு சவாரி வருகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு ஃபோன் செய்து, "அண்ணா, இருங்காட்டுக்கோட்டை போகணும், பைக் ஏத்தணும்" என்று பையன்கள் கூப்பிடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருக்கும் ரேஸ் டிராக்குக்குத்தான். 1990-இலிருந்து இருக்கிறது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பணம் கட்டினால் நம் சொந்த வண்டியை அங்கே ஒரு நாள் ஓட்டலாம். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, விழுந்தால் ஓடிவர ஆம்புலன்ஸ் நிற்கும்.

"பைக்தானே, ஓட்டிக்கிட்டே போகலாமே" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். டிராக்குக்காகக் கண்ணாடியையும் நம்பர் பிளேட்டையும் கழற்றி, ஹெட்லைட்டில் டேப் ஒட்டிய வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது. டிராக்கில் விழுந்து ஹேண்டில் வளைந்துவிட்டால் சாயங்காலம் நூறு கிலோமீட்டர் எப்படித் திரும்புவது? அதனால்தான் உங்களைத் தேடி வருகிறார்கள். பைபாஸில் முறுக்குகிற பையன் இருங்காட்டுக்கோட்டையில் போய் முறுக்கட்டும் என்று அவர்களை அனுப்பி வைக்கிறவனே நான்தான்.

போன மாதம் ஒரு பையன். ஒரு வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிராக்குக்குப் பணம் கட்டியிருந்தான். வண்டியை ஏற்றி, சைடு ஸ்டாண்டு போட்டு, நைலான் கயிற்றால் கட்டிக் கிளம்பினார்கள். வாலாஜாவைத் தாண்டியதும் ரோடு வேலை, மாற்றுப்பாதை, பள்ளம். காவேரிப்பாக்கத்துக்கு முன்னால் பைக் குட்டி யானையின் பாடியிலேயே சாய்ந்துவிட்டது. ரேடியேட்டர் ஓட்டை, கிளட்ச் லீவர் துண்டு, முன்பக்க பிளாஸ்டிக் மூடியான ஃபேரிங் விரிசல். டிராக்கைப் பார்க்காமலே திரும்பி வந்தான். கட்டிய அண்ணன் மீது எனக்குக் கோபமில்லை. பீரோவையும் கட்டிலையும் எப்படிக் கட்டுவாரோ அப்படித்தான் இதையும் கட்டியிருக்கிறார், நன்றாகவே இறுக்கித்தான்.

கோளாறு அங்கேதான். பீரோவுக்கு ஸ்பிரிங் கிடையாது, பைக்குக்கு உண்டு. பள்ளத்தில் விழுந்ததும் பைக்கின் முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குழாய்கள், கீழே இறங்கும். அந்த நொடியில் கயிறு தொய்யும், கொக்கி கழன்றுவிடும். ஃபோர்க் மேலே எழும்பும்போது பிடிக்க ஒன்றும் இருக்காது. நைலான் கயிறு வேறு இழுக்க இழுக்க நீளும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியோ ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஸ்டாண்டின் மேலேயே ஏறி இறங்கும். யமஹா ஆர்15 பைக் என்றால் சுமார் 140 கிலோ. அது சாயாமல் தாங்கிப் பிடிப்பது அந்த ஒரு கம்பிதான்.

ஆகவே ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள். வண்டி நேராக நிற்கட்டும், முன்சக்கரம் கேபின் பக்கத்துத் தகட்டில் முட்டி நிற்கட்டும், சக்கரத்தின் இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். கயிறு வேண்டாம், கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ரேட்செட் பெல்ட் வாங்குங்கள். ஃபோர்க் இரண்டையும் கவ்விப் பிடிக்கும் கீழ் பிராக்கெட், நாங்கள் 'டி' என்போமே, அதிலிருந்து இடமும் வலமுமாக, முன்பக்கம் சாய்வாக இரண்டு பெல்ட் இழுக்க வேண்டும். ஃபோர்க் பாதி இறங்கும்வரை இறுக்குங்கள். முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் போகலாம், பாதியில் நின்றால் பள்ளத்தில் பெல்ட் எளிதில் தொய்யாது. பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள் மேல் பெல்ட் ஏறக் கூடாது. இரும்புக் கொக்கியை நேரே வண்டியில் மாட்டாமல் துணி வளையம் போட்டு அதில் மாட்டுங்கள். பெயின்ட் உரசும் இடத்தில் தோல் துண்டு வைத்தால் போதும், நம் ஊரில் தோலுக்கா பஞ்சம்! பின்னால் இரண்டு பெல்ட், அவை பின்சக்கரம் பக்கவாட்டில் குதிக்காமல் இருக்க மட்டும்.

கிளம்பியதும் பெல்ட் கொஞ்சம் இளகும், புது பெல்ட்டானாலும் அப்படித்தான். ரத்தினகிரி வந்ததும் ஓரங்கட்டி ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். பைக்கை ஏற்றும்போது அது ஏறிவரும் பலகையைக் குட்டி யானையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பலகை நழுவினால் காலில்தான் அடி விழும்.

"ரெண்டு பைக்கையும் ஒரே நடையில் ஏத்திடலாம்" என்று பையன்கள் கெஞ்சுவார்கள். எடையைக் குட்டி யானை தாங்கும், அகலம்தான் போதாது. பாடி ஐந்தடிக்கும் குறைவு, ஒரு ஹேண்டிலே இரண்டேகால் அடிக்கு மேல். பெல்ட்டைப் பக்கவாட்டில் இழுக்க இடமே இருக்காது. இரண்டு வண்டி என்றால் அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரிப் பெரியதைச் சொல்லிவிடுங்கள்.

அண்ணா, இன்னொன்றை நான் கெஞ்சித்தான் கேட்க வேண்டும். "நீ பின்னாடி உட்கார்ந்து பிடிச்சுக்கோ" என்று மட்டும் யாரையும் பாடியில் ஏற்றாதீர்கள். நெடுஞ்சாலையில் திடீர் பிரேக் போட்டால் அந்த 140 கிலோவை எந்தப் பையனாலும் பிடிக்க முடியாது, வண்டி அவன் மேல்தான் விழும். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் தப்பு. பெல்ட் சரியாக இருந்தால் பிடிக்க ஆளே தேவையில்லை.

பெல்ட்டுக்கு ஆகும் செலவு உங்கள் தலையில் விழ வேண்டாம். பையன்களிடம் நான் பேசிவிட்டேன், பெல்ட் போட்டுக் கட்டும் வண்டிக்கு வாடகை கூட்டித் தர அவர்களுக்குச் சம்மதம். என் கடையிலும் இரண்டு செட் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துப் போய், திங்கட்கிழமை கொடுத்தால் போதும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் யாராவது குட்டி யானையோடு வந்தால் என் சொந்த வண்டியை ஏற்றிக் கட்டிக் காட்டுகிறேன். அப்புறம் எங்கள் ஏரியாவில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர் அத்தனையிலும் ஏற்றி இறக்கி ஓட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து உங்கள் மெக்கானிக் தம்பி