நட்டைத் திருகுமுன்

வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

நுவரெலியாவுக்குப் போனதிலிருந்து மொரிஸ் மைனர் கறுப்புப் புகை விடுகிறது, பெற்றோல் மணக்கிறது, சந்தியில் நிறுத்தினால் தடுமாறி அணைகிறது என்று எழுதியிருந்தாய். காற்றோடு பெற்றோலைக் கலந்து இஞ்சினுக்கு விடும் காபரேட்டரையே மாற்றச் சொன்னாராம் கராஜ் பாஸ். இப்போதைக்கு வேண்டாம். அதில் பெற்றோல் வரும் சின்னக் குழாயான ஜெட்டோ, அதற்குள் நிற்கும் ஊசியோ தேய்ந்திருந்தால் பஞ்சிகாவத்தையில் நான் தேடி அனுப்புகிறேன்.

அந்த வண்டி கொழும்பில், கடல் மட்டத்தில் ட்யூன் பண்ணியது. நீ இருப்பதோ 1,868 மீற்றர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி இங்கிருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டருக்கு அது தெரியாது. தாராளமாகப் பெற்றோல் விடும். ஆனால் இந்தப் புகை முழுவதும் மலையால் வந்தது என்று நான் நம்பவில்லை. குளிரில் தினமும் சோக் இழுப்பாய் அல்லவா? எனக்கு அதில்தான் சந்தேகம்.

உன் வண்டியிலுள்ள எஸ்.யூ. வகைக் காபரேட்டரில் சோக் காற்றை அடைப்பதில்லை. ஜெட்டைக் கீழே இறக்கிப் பெற்றோலைக் கூட்டிவிடும். கேபிள் இறுகியிருந்தால், குமிழை உள்ளே தள்ளினாலும் ஜெட் கீழேயே நிற்கும். ஒருவரை சோக்கை இழுத்து விடச் சொல்லிவிட்டு, நீ பொனட்டைத் திறந்து காபரேட்டரின் அடியைப் பார். ஜெட் முழுதாக மேலே ஏறி அங்குள்ள ஜெட் நட்டோடு ஒட்ட வேண்டும். விரலால் தள்ளும்போது இன்னும் மேலே போகிறதா? கள்ளன் அகப்பட்டான்.

இல்லையென்றால், இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பிக் காதைக் கொடு. பெற்றோல் பம்ப் டிக் டிக்கென்று கொஞ்ச நேரம் அடித்து ஓய வேண்டும். ஓயாமல் அடித்து, காபரேட்டரில் பெற்றோல் தேங்கும் மிதவை அறையிலிருந்து சொட்டவும் செய்தால், அங்கே பெற்றோலை நிறுத்தும் ஊசி வால்வு மூடவில்லை. அந்த நேரம் சிகரெட்காரர் எவரையும் கிட்ட விடாதே.

இவை இரண்டும் சரியென்றால்தான் காற்று-பெற்றோல் கலவையைப் பார்க்க வேண்டும். உன் அப்பா எப்போதும் முதலில் கலவையை மாற்றும் அந்த ஜெட் நட்டில்தான் கை வைப்பார். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதிலேயே போய்விடும்.

இஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். காபரேட்டரின் பக்கத்தில், அதற்குள்ளேயே ஏறி இறங்கும் பிஸ்டனைத் தூக்கும் சின்னப் பின் ஒன்று இருக்கும். அடியிலிருந்து மெல்லத் தள்ளினால் முதலில் சும்மா போகும், அப்புறம் பிஸ்டனின் பாரம் விரலில் தெரியும். அதற்குமேல் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத்தான் தூக்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி, உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி.

அதிகமென்றால் ஜெட் நட்டை மேல்நோக்கித் திருப்பு. ஆறு பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும். பிறகு பின்னை மறுபடி தள்ளிப் பார். எத்தனை பக்கம் திருப்பினாய் என்று எழுதி வை. கொழும்புக்கு வந்ததும் அதே அளவு கீழே இறக்காவிட்டால், இங்கே பெற்றோல் போதாமல் இஞ்சின் சூடேறும், வால்வும் கருகும்.

எதையும் தொடுமுன் நாலு பிளக்கையும் கழற்றி, ரேடியேட்டர் பக்கமிருந்து வரிசையாக வைத்துப் படம் அனுப்பு. நாலும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால் மேலே சொன்னபடி செய். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் காபரேட்டரை விட்டுவிடு. அந்த பிளக்கையும் அதன் வயரையும் மாற்றிப் பார்.

அம்மா