ஒரு நூல் அனுப்புங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நாங்கள் நால்வரும் நலம். உங்கள் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, "பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அந்த நாட்டில் தனியாக உட்கார்ந்து என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டீர்கள். சின்னவன் அழத் தொடங்கியதால் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். அது ஒரு நல்லதற்குத்தான் என்று பிறகு தோன்றியது. வாயால் சொல்லியிருந்தால், "ஏதோ படம் எடுக்கிறேன், மணி கோக்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சிறிய பெட்டியும் வரும். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதைத் திறவுங்கள்.

வந்த முதல் ஆண்டைப் பற்றி நான் உங்களிடம் அதிகம் சொன்னதில்லை. இங்கே டிசம்பரில் பகல் என்பது ஏழு மணி நேரம்தான். கையை நீட்டி, விரல்களை மடக்கி, முட்டியை அடிவானத்தின்மேல் வைத்துப் பார்த்தால், நண்பகலில்கூடச் சூரியன் அந்த முட்டியின் உயரத்துக்குத்தான் ஏறியிருக்கும். குளிருக்காக எல்லா ஜன்னல்களும் இறுக மூடியிருப்பதால், பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியாது. அந்த மாதங்களில் நான் சும்மா இருந்த நேரம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் இரவில் படுக்கும்போது, இன்று செய்தது இது என்று எடுத்துக் காட்ட எதுவும் இருக்காது. துவைத்த துணி மறுநாள் அழுக்காகும், அடுக்கி வைத்த பொம்மைகள் மறுநாள் வீடெங்கும் இறையும். புதிய மொழியில் எனக்கு நூறு சொற்கள்கூடத் தெரியாது. நாள்கள் கையில் ஒட்டாமல் நழுவிக்கொண்டிருந்தன, அம்மா.

அப்பா கொடுத்தனுப்பிய கேமராவை முதலில் வெளியேதான் கொண்டு போனேன். பனி மூடிய மரங்கள், பாலம், ஆற்றங்கரை என்று எடுத்தேன். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் இந்த ஊருக்கு ஒரு நாள் வந்து போகிற எவரும் எடுத்திருக்கக்கூடிய படங்கள் அவை. பிறகு ஜனவரியில் ஒரு காலை, சூரியன் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் வெளிச்சம் ஜன்னல் வழியாக நேராக உள்ளே வந்து, எங்கள் மேசையைக் கடந்து, எதிர்ச்சுவர்வரை போயிற்று. மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. அதன் நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்ச வளையம் ஆடிக்கொண்டிருந்தது. சின்னவன் அதைப் பிடிக்க விரலை வைத்தான். வளையம் விரலின்மேல் ஏறிக்கொண்டது. "அம்மா, மோதிரம்!" என்று கத்தினான். நான் கேமராவை எடுத்து வருவதற்குள் மேகம் மூடிவிட்டது. அந்தப் படம் என்னிடம் இல்லை. ஆனால் அன்று முழுவதும் வேலைகளுக்கிடையே அந்த மேசையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் அந்த மேசையைத் தினமும் ஒரு முறை எடுக்கத் தொடங்கினேன். ஒரே இடத்தில் நின்று, காலை ஒன்பதரை மணிக்கு, எதையும் ஒதுக்கி வைக்காமல், இருப்பது இருப்பதுபோலவே எடுப்பது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சீவிய பென்சிலின் சுருள், ஒற்றைக் காலுறை, இரவு வேலை முடிந்து வந்து அவர் கழற்றி வைத்த கைக்கடிகாரம், பாதி எழுதிய வீட்டுப்பாடம். ஒரு மாதப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, தினமும் ஒன்றுபோலவே போகிறது என்று நான் நினைத்திருந்த நாள்களில் இரண்டுகூட ஒன்றுபோல இல்லை என்பதைக் கண்டேன். பிப்ரவரி இறுதியில் வெளிச்சம் மேசையின் வேறொரு மூலையில் விழுந்தது. காலம் நகர்கிறது என்பதை நாள்காட்டியைவிட அந்த மூலைதான் எனக்கு உறுதியாகச் சொன்னது.

ஒளியைப் பற்றி நான் கற்றதெல்லாம் இந்த வீட்டுக்குள்தான். வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர்வெயில் விழாததால், அங்கே உட்காரும் முகத்தில் நிழல் மென்மையாகக் கரையும். நிழல் பக்கம் மிகவும் இருண்டால் எதிரே ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்தாலே போதும், அந்தக் கன்னமும் விழித்துக்கொள்ளும். விளக்கையும் ஜன்னலையும் ஒரே படத்தில் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறு பக்கம் நீலமாகவும் வரும் என்பதால், படம் எடுக்கும்போது விளக்கை அணைத்துவிடுகிறேன். ஓடுகிற பிள்ளை கலங்காமல் விழ, கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்குக்குள் திறந்து மூட வேண்டும். குளிர்காலத்து வெளிச்சத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் அவன் நிற்கும் கணத்துக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். காத்திருக்கும்போதுதான், ஒரு பொருளைக் கையில் எடுப்பதற்கு முன் அவன் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான் என்பதைக் கவனித்தேன். நான்கு ஆண்டுகள் வளர்த்த பிள்ளையிடம் நான் பார்க்காமலே இருந்த ஒன்று அது.

எல்லாவற்றையும் எடுத்துவிடுவதில்லை. ஒரு நாள் பெரியவள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்த விதமும் அந்த வெளிச்சமும் அப்படியே ஓர் ஓவியம்போல இருக்க, என் கை கேமராவை நோக்கிப் போயிற்று. "இதை எடுக்காதீங்கம்மா" என்றாள். கேமராவை அப்படியே வைத்துவிட்டு அவளருகே போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவர்கள் அழுகையை நான் எடுப்பதில்லை. அவளுடைய படத்தை யாருக்கு அனுப்பினாலும் அவளைக் கேட்ட பிறகே அனுப்புகிறேன். உங்களுக்கு வரும் படங்களையும் அவளே பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள்.

நூலகத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணியைப் பற்றிப் படித்தேன். 1863-ஆம் ஆண்டு இறுதியில், தம்முடைய 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவைக் கொண்டு அவர் படம் எடுக்கத் தொடங்கினார். நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கிக்கொண்டார். கண்ணாடி போட்ட கோழிக்கொட்டகையைப் படமெடுக்கும் கூடமாக்கிக்கொண்டார். வீட்டுப் பிள்ளைகளையும் வீட்டில் வேலை செய்த பெண்களையும் அண்டை வீட்டாரையும் உட்காரவைத்தே எடுத்தார். அவருடைய படங்கள் தெளிவாக இல்லை என்று அக்காலத்தில் பலர் குறை கூறினர். இன்று அந்த மென்மைக்காகவே அவற்றைப் போற்றுகிறார்கள். வயதான காலத்தில் கடல் கடந்து இலங்கைக்குப் போய், 1879-இல் அங்கேயே காலமானார் என்பதைப் படித்தபோது, ஏனோ அவர் எனக்கு நெருங்கிய உறவினர்போல ஆகிவிட்டார்.

நகை செய்யும் வேலைக்கு வழிவிட்டவர் எதிர் வீட்டு மூதாட்டி. படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். ஒரு நாள் சின்னவனின் கையில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய பொத்தான்களைக் கொடுத்தார். எலும்பு, சிப்பி, கண்ணாடி, பித்தளை என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. பெரியவள் நிறம் பிரித்தாள், சின்னவன் கலைத்தான். நான் மின்வேலையில் மிஞ்சிய செப்புக்கம்பியின் உறையை உரித்து, அவற்றைக் கோத்துப் பார்த்தேன். அலெக்சாண்டர் கால்டர் என்ற சிற்பி எட்டு வயதில், தெருவில் கம்பிவேலை செய்தவர்கள் விட்டுப்போன செப்புத் துண்டுகளை எடுத்துத் தம் அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தாராம். பிற்காலத்தில் மனைவிக்கும் நண்பர்களுக்குமாக ஏறத்தாழ 1,800 நகைகளைத் தம் கையாலேயே அடித்து வளைத்துச் செய்திருக்கிறார், பெரும்பாலும் பற்றவைக்காமலே. நெருப்பு இல்லாமலும் நகை செய்யலாம் என்பது, சிறுபிள்ளை ஓடியாடும் வீட்டில் எவ்வளவு பெரிய செய்தி!

முதலில் செய்த மாலையைப் பெரியவள் ஆசையோடு பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனாள். வழியிலேயே அது அறுந்து மணிகள் உருண்டோடிவிட்டன. தவறு என்னுடையது. இணைப்பு வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனைகளையும் பக்கவாட்டில் இழுத்து விரித்திருந்தேன். அப்படி விரித்தால் வட்டம் கெட்டு, மறுபடி எவ்வளவு அழுத்தினாலும் முனைகள் சரியாகச் சேரா. இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை உங்களை நோக்கியும் மறு முனையை எதிர்ப்பக்கமாகவும் கதவு திறப்பதுபோலத் தள்ள வேண்டும். மூடும்போது அதே வழியில் திருப்பிக் கொண்டுவந்தால், முனைகள் ஒன்றோடொன்று உரசி "டிக்" என்று ஒரு சிறு ஒலி கேட்கும். அந்த ஒலி கேட்கும்வரை விடக்கூடாது. இப்போது கண்ணை மூடிக்கொண்டே அந்த ஒலியைக் கண்டுகொள்கிறேன்.

செம்பின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். வளைக்க வளைக்கவும் தட்டத் தட்டவும் அது இறுகும். இறுகிய பிறகும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும். அதனால் ஒரு வளைவை முதலிலேயே மனத்தில் முடிவு செய்துகொண்டு, ஒரே முறையில் வளைக்கிறேன். கொக்கிக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பியும், மணியைச் சுற்றிக் கட்ட 0.4 மில்லிமீட்டர் கம்பியும் எடுக்கிறேன். காதுக்குப் போடும் கொக்கியை மட்டும் வெள்ளியில்தான் செய்கிறேன். ஒரு முறை ஆயத்தமாக விற்கும் மலிவான கொக்கியைப் போட்டதில் பெரியவளின் காது சிவந்து நீர் வடிந்தது. பார்த்தால், அந்த உலோகத்தில் நிக்கல் கலந்திருந்தது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர் உண்டு என்பதால், நீங்களும் கவனமாக இருங்கள்.

இந்த இரண்டு வேலைகளும் ஒன்று சேர்ந்தது சென்ற கோடையில். கேமரா இல்லாமல் வெயிலாலேயே படம் எடுக்கும் நீலப்பட முறை ஒன்று உண்டு. ஜான் ஹெர்ஷல் என்ற அறிவியலாளர் 1842-இல் கண்டுபிடித்தது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை அந்தத் தாளின்மேல் வைத்துப் படமாக்கிப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்டு வந்த முதல் புத்தகம் என்று அதையே சொல்கிறார்கள். இரும்பு உப்புக் கரைசல் பூசி இருட்டில் உலர்த்திய தாளின்மேல் இலையை வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, வெயிலில் காட்ட வேண்டும். மஞ்சளும் பச்சையுமாக இருந்த தாள் மெல்லச் சாம்பல் நிறமாகும். அதைத் தண்ணீரில் போட்டதும், இலை இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் நீலமாகவும் மலரும். பெரியவள் தொட்டிச் செடியிலிருந்து கட்டைவிரல் நகமளவு இலை ஒன்றைக் கிள்ளி வைத்தாள். சின்னவன் தன் கையையே வைத்தான். பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும் என்றேன். அவனால் இரண்டு நிமிடம் முடிந்தது, மீதி நேரம் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தான். அதனால் அவன் கையில் ஆறு விரல்கள் இருப்பதுபோலத் தெரியும். எனக்கு அந்தப் படம்தான் மிகவும் பிடித்திருக்கிறது.

தனியறையும் நீண்ட நேரமும் கிடைத்தால்தான் இப்படிப்பட்ட வேலைகள் கைகூடும் என்று முன்பு நினைத்திருந்தேன். இங்கே எனக்குக் கிடைப்பதெல்லாம் கால் மணி நேரங்கள். அதிலும் இரண்டு முறை கூப்பிடுவார்கள். கம்பியை வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தால், வளைவு பாதியில் எனக்காகக் காத்திருக்கிறது. மேலும் அவர்கள் கூப்பிடும் குரலைக் கேட்டுப் போகும் இடத்தில்தான், பெரும்பாலும், அடுத்த படம் இருக்கிறது. எதிர் வீட்டு மூதாட்டி இப்போது வாரம் ஒரு முறை வந்து எங்கள் மேசையில் உட்கார்கிறார். அவருடைய பொத்தான் ஒவ்வொன்றும் எந்தச் சட்டையில் இருந்தது என்று சொல்கிறார். இந்நாட்டு மொழியில் குறடு, கம்பி, முடிச்சு, வளையம் என்பவை எல்லாம் எனக்கு அவரிடமிருந்து வந்த சொற்கள்.

இனிப் பெட்டியைத் திறக்கலாம், அம்மா. உள்ளே இருக்கும் பதக்கத்தில், மேடான கண்ணாடிக்குக் கீழே இருப்பது பெரியவளின் இலை. கழுத்தில் போடும் கொக்கியைச் சிறியதாக வைக்கவில்லை. உங்கள் விரல் மூட்டுகள் காலையில் வலிக்கும் என்று அப்பா சொன்னார். ஒரு பெரிய வளையம், அதன் வழியே நுழைக்கும் ஒரு குறுக்குக் கம்பி. பார்க்காமலே தடவிப் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் படாமல் வைத்திருங்கள். மேலுறையில் இருக்கும் தாள் சின்னவனின் கை. சோப்பு நீர் பட்டால் அந்த நீலம் அழிந்துவிடும். வெயில் பட்டு வெளுத்தால் கவலைப்பட வேண்டாம்; சில நாள் இருட்டான அலமாரியில் வைத்திருந்தால் நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

அடுத்ததாக உங்களுக்கு ஒரு மோதிரம் செய்யப் போகிறேன். இழுத்தால் நீளாத பருத்தி நூல் ஒன்றை எடுத்து, மோதிர விரலின் மூட்டைச் சுற்றிப் பாருங்கள். மூட்டைக் கடக்காத மோதிரம் விரலுக்கு வராது. குளிர்ந்த காலை நேரத்தில் அளக்காதீர்கள், மாலையில் அளந்தால்தான் சரியாக இருக்கும். இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்த நூலையே பதில் கடிதத்துக்குள் மடித்து வைத்து அனுப்புங்கள். அப்பாவை விட்டு அளக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்