ரிப்போர்ட்டில் 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்று இருந்தால்: எங்கள் லேப் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகனும் ரிப்போர்ட் வாங்க வந்தார்கள். மார்பகக் கட்டியின் சதை டெஸ்ட். கவரைப் பிரித்ததும் மகனுக்கு முகம் வாடிவிட்டது. "பாசிட்டிவ்னு போட்டிருக்கே சார், வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கு, ஒட்டிக்குமா?" என்றார். இதே கேள்வி பலருக்கும் இருப்பதால் எழுதுகிறோம்.

ஒட்டாது. ஹெர்-2 கிருமி இல்லை. நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிற ஒரு நொதி, அதாவது வேதிவினையைத் தூண்டும் புரதம். செல்லின் மேல்சவ்வில் ஒரு பகுதி வெளியேயும் ஒரு பகுதி உள்ளேயுமாக உட்கார்ந்திருக்கும். தன் இனத்துப் புரதம் ஒன்றோடு ஜோடி சேர்ந்தால், உள்பகுதி பாஸ்பேட்டைப் புரதங்களில் ஏற்றி, "வளர், இரண்டாகப் பிரி" என்ற சேதியை உள்ளே அனுப்பும். பால் நாளங்களின் உட்சுவர், குடல், தோல், இதயத் தசை என்று நல்ல திசுக்களிலும் இது உண்டு. ஆனால் கொஞ்சமாகத்தான்.

இதற்கான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நல்ல செல்லில் இரண்டு பிரதி. சில கட்டிகளில் அந்தப் பிரதிகள் பெருகிவிடும். சவ்வு முழுக்க நொதி நெருக்கியடிக்க, செல் ஓயாமல் பிரியும். மார்பகப் புற்றுநோயில் 100 பேருக்கு 15 முதல் 20 பேரிடம் இப்படி. இரைப்பைப் புற்றிலும் சிலரிடம் காண்கிறோம். இந்தப் பெருக்கம் கட்டிக்குள் நடப்பது, பிள்ளைகளுக்கு வாரிசாகப் போவதில்லை.

ஆக, நாங்கள் பார்ப்பது இருக்கிறதா என்பதை அல்ல, எவ்வளவு இருக்கிறது என்பதை. சாயமேற்றிய ஸ்லைடில் செல்களைச் சுற்றிக் கோழிக்கூண்டு வலை போல அழுத்தமான பழுப்பு நிறம் தெரிந்தால் 3+, அதாவது பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ என்றால் முடிவு சொல்ல முடியாது. மரபணுப் பிரதிகளை எண்ணும் 'ஃபிஷ்' டெஸ்ட் வேண்டும். அதற்கு இன்னொரு தடவை பணம் கட்டச் சொல்வது வீண் செலவு வைக்க அல்ல.

பாசிட்டிவ் என்பதில் ஒரு நல்லதும் உண்டு. இந்த நொதியையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் ஊரிலும் போடுகிறார்கள். இதயத் தசையிலும் ஹெர்-2 இருப்பதால்தான் அந்த ஊசி போடும் காலத்தில் டாக்டர் அவ்வப்போது எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார். தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், சதையைக் கொண்டு வருவது பற்றி. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது பார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) மூழ்கியிருக்க வேண்டும். ஒரு தடவை வெளியூரிலிருந்து வெறும் சலைனில் போட்டு மறுநாள் வந்தது. சாயம் சரியாக ஏறவில்லை, அந்த அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அது எங்களுக்கு ஆறவில்லை. பஸ் ஏறுமுன் "பார்மலின்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதானால் ரிப்போர்ட்டோடு, சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் வைக்க வேண்டாம், மெழுகு இளகிவிடும்.

அன்புடன்,
உங்கள் லேப், மதுரை