துர்ப்பான் மண்ணில் பிழைத்த பத்திரங்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்துவிட்டது என்று படித்தபோது என் மனைவி அப்போதே உன் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவாள் போலிருந்தது. ஆனால் பரண் ஒழுகி அப்பாவின் பத்திரப் பெட்டியில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதை விட்டு நீங்கவில்லை. குத்தகைச் சீட்டு ஒவ்வொன்றையும் அவர் எவ்வளவு பத்திரமாக மடித்து வைத்திருந்தார்!

நான் சில வாரங்களாகத் துர்ப்பானைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சீனாவின் வடமேற்கில், சின்ஜியாங்கில் இருக்கும் பள்ளம் அது. அதன் அடியிலுள்ள அய்திங் ஏரி கடல்மட்டத்துக்கு 154 மீட்டர் கீழே கிடக்கிறது. கடல் வெகுதொலைவு, சுற்றிலும் மலைகள். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 16 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் ஐப்பசியில் ஒரு மாலைப்பொழுதில் கொட்டித் தீர்த்துவிடும் அளவு. 2023 ஜூலையில் அங்கே சான்பாவ் என்ற இடத்தில் வெப்பம் 52.2 டிகிரியைத் தொட்டது.

அப்படிப்பட்ட மண்ணில் அஸ்தானா என்ற பழைய இடுகாடு இருக்கிறது. 1959 முதல் 1975 வரை சீன ஆய்வாளர்கள் அங்கே தொடர்ந்து அகழ்ந்தார்கள். தாங் அரசமரபின் காலத்தில் மாவில் மடித்துச் செய்த கொழுக்கட்டை போன்ற பண்டம், மடிப்புக்கூடக் கலையாமல் கிடைத்தது. ஆனால் என்னை அசைத்தது காகிதம்தான். காகிதம் அன்று விலையுயர்ந்த பொருள். பழைய கணக்கு, குடிக்கணக்கு, மனு என்று வேலை முடிந்த தாள்களை வெட்டித் தைத்து, இறந்தவர்களுக்குச் செருப்பும் தொப்பியும் இடைவாரும் செய்து அணிவித்துப் புதைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அந்தச் செருப்பின் தையலைப் பிரித்து, பாதத்தின் அளவுக்கு வெட்டுப்பட்ட தாள்களை ஒன்றோடொன்று பொருத்திப் படித்தார்கள். பாதி வரி ஒரு காலில், மீதி வரி மறு காலில்! அரசர் வரலாற்றில் இடமே கிடைக்காத சாதாரண மக்களின் வாழ்க்கை அப்படித்தான் வெளியே வந்தது.

673-இல் இறந்த சுவோ சோங்ஷி என்ற வட்டிக்கடைக்காரரின் கல்லறையில், அவர் எழுதி வாங்கிய ஒப்பந்தங்கள் வெட்டுப்படாமல் முழுதாகவே இருந்தன: கடன் சீட்டு, நிலக் குத்தகை, தீவனம் வாங்கியது எல்லாம். 1,300 ஆண்டுக்கு முந்தைய குத்தகைச் சீட்டு வாசிக்கும் நிலையில் இருக்கிறது. உன் அப்பாவின் சீட்டு ஐம்பது அறுபது ஆண்டுகூடத் தாங்கவில்லை. அவர் அக்கறையில் என்ன குறை? நம் காற்றில் இருக்கும் ஈரம் அப்படி. நம் முன்னோர் ஏட்டைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்ததும் இதனால்தானே!

அந்த வறட்சியில் வாழ்பவர்களையும் சொல்ல வேண்டும். அங்குள்ள உய்குர் மக்கள் மலைப் பனி உருகிவரும் நீரை நிலத்தடிக் கால்வாய்களில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கரேஸ் என்று பெயர். வெயில் படாததால் நீர் அதிகம் ஆவியாவதில்லை. சரிவிலேயே ஓடிவருவதால் இறைக்கவும் வேண்டாம். ஆழ்துளைக் கிணறுகள் வந்து நீர்மட்டம் இறங்கிய பிறகு பல கரேஸ்கள் வற்றிவிட்டன. அதைப் படித்தபோது நம் ஏரிப்பாசனம் நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது.

தொல்பொருள் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் 1915-இல் அஸ்தானாவில் எடுத்த பட்டு ஓவியங்கள் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பையனைப் பார்க்கத் தில்லி போகும்போது தவறாமல் பார்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பத்திரங்களை வெயிலில் போடாதே. மை வெளுக்கும், தாள் முறுகும். நிழலில், மின்விசிறிக் காற்றில் உலரட்டும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்காதே. ஈரம் உறிஞ்சும் வெள்ளைத்தாளை இடையிடையே வைத்து அடிக்கடி மாற்று. பூஞ்சையைத் துடைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள், உனக்கு இளைப்பு உண்டு. பதிவான பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவு எண்ணும் ஆண்டும் தெரிந்தவரை குறித்து அனுப்பு, நான் மனு எழுதித் தருகிறேன். பதிவாகாத குத்தகைச் சீட்டுகளை முதலில் படம் எடுத்துவிடு. அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

நிச்சயதார்த்தத் தேதியை உடனே எழுது. நாங்கள் இருவரும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்