வேகக் கட்டுப்பாடு: கண்டிப்பு கால அட்டவணையையும் எட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேக வரம்பை மீறும் ஓட்டுநர்களிடம் காட்டப்படும் கெடுபிடியெல்லாம் கஜானாவை நிரப்பத்தான் என்று ஒரு சாராரும், இப்போதைய அபராதம் போதாது, இன்னும் கூட்ட வேண்டும் என்று மறு சாராரும் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் எழுதிவருவதைப் படித்தேன். மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வாரத்தில் இரண்டு நாளாவது பேருந்தில் போய்வருகிறேன். ஊருக்குள் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு மகனின் காரை ஓட்டிக்கொண்டு சென்னைக்குப் போனபோது வேக மீறலுக்காக அபராதமும் கட்டியிருக்கிறேன். வேக வரம்பைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அந்தக் கண்டிப்பு ஓட்டுநரின் சட்டைப் பையோடு நின்றுவிடுகிறது, அவரை விரட்டும் பேருந்துக் கால அட்டவணையை எட்டுவதில்லை என்பது என் குறை.

பத்து கிலோமீட்டர் வேகம் கூடினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, வகுப்பில் மாணவர்களுக்குப் போட்டுக்காட்டிய கணக்கையே சொல்கிறேன். மணிக்கு 50 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண்டு, கால் பிரேக்கைத் தேடிப் போய் மிதிப்பதற்கு ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கார் 14 மீட்டர் கடந்துவிடும். காய்ந்த சாலையில், நல்ல டயர்களோடு, பிரேக் முழுதாகப் பிடித்து நிற்க இன்னும் ஒரு 14 மீட்டர் வேண்டும். ஆக 28 மீட்டரில் கார் நின்றுவிடும், குழந்தை 28-வது மீட்டரில் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். அதே இடத்தில், அதே காரில், அதே பிரேக்கோடு 60 கி.மீ. வேகத்தில் வந்தவர், பிரேக்கை முழுபலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த 28-வது மீட்டரில் இன்னும் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இருப்பார். நம்ப முடியவில்லையே என்று மாணவர்கள் சொல்வார்கள். கரும்பலகையில் ஒவ்வொரு வரியாகப் போட்ட பிறகுதான் ஒப்புக்கொள்வார்கள். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வண்டியின் இயக்க ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடுகிறது. இத்தனைக்கும் பத்து கிலோமீட்டர் தூரத்தை 50-ல் போனால் 12 நிமிடம், 60-ல் போனால் 10 நிமிடம். நடுவில் சிவப்பு விளக்கு ஒன்று விழுந்தால் அந்த இரண்டு நிமிடமும் கையில் நிற்காது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நடந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடுதான் முதலிடம். இங்கே மாண்டவர்கள் 17,884 பேர். பத்தில் ஏழு விபத்துகளுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே அறிக்கை. காரணம் கேட்கும் கட்டத்தில் ‘அதிவேகம்’ என்று நிரப்பிவிட்டுப் போவது எளிது என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. மோசமான வளைவும் விளக்கில்லாத சாலையும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள முடியும். அதில் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மீதி நம்மை உறங்கவிடாது.

இனி நான் கட்டிய அபராதத்துக்கு வருகிறேன். சென்னைக்குப் போகும் வழியில் ஒரு நகரத்தின் எல்லைக்குள் 60 கி.மீ. வரம்புள்ள இடத்தில் 74-ல் போனதாக, வண்டியின் படத்தோடு மகனின் கைப்பேசிக்குத் தகவல் வந்தது. படத்தில் இருந்தது எங்கள் வண்டிதான். முணுமுணுக்காமல் ஆயிரம் ரூபாயைக் கட்டினேன். அடுத்த முறை அதே வழியில் போனபோது, ஆர்வத்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, வேக வரம்புப் பலகையைத் தேடினேன். பலகை இருந்தது, அதன் கம்பத்திலேயே யாரோ ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கான ஃபிளெக்ஸ் தட்டியைக் கட்டியிருந்தார்கள். வட்டத்தின் கீழ்விளிம்பும் ‘0’ என்ற எண்ணின் பாதியும் மட்டும் தெரிந்தன. நான் மீறியது மீறியதுதான், அதில் மாற்றமில்லை. ஆனாலும் கருவி வைத்துக் கண்காணிக்கும் சாலையில் அதை அறிவிக்கும் எச்சரிக்கைப் பலகை நன்றாகத் தெரியும்படி இருக்க வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் புதுப்பிக்கப்பட வேண்டும், மீறல் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்க்கப்பட்ட 167-ஏ விதி சொல்கிறது. ஓட்டுநரிடம் கண்டிப்பை எதிர்பார்க்கும் அரசு இந்த விதியிலும் அதே கண்டிப்போடு இருப்பதுதானே முறை?

பலகையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்குவழிச் சாலையில் கார்களுக்கு 100, விரைவுச் சாலையில் 120 என்று மத்திய அரசு 2018-ல் வரம்பை உயர்த்தியது; அந்த அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. சென்னை மாநகரில் 2023-ல் 40 கி.மீ. என்ற வரம்பை வைத்துக்கொண்டு கருவிகள் படம் பிடிக்கத் தொடங்கியபோது ஊரே கொதித்தது. அதே ஆண்டு நவம்பரில் கார்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புச் சாலைகளில் எல்லோருக்கும் 30 என்று மாற்றி அறிவித்தார்கள். பிந்தைய ஏற்பாடு நியாயமானது என்பதே என் எண்ணம். ஆனால் அரசிதழையும் தீர்ப்பையும் படித்துவிட்டா ஒருவர் வண்டியை எடுப்பார்? அவருக்குத் தெரிந்த சட்டம் சாலையோரத்தில் நிற்கும் அந்த வட்டப் பலகை ஒன்றுதான்.

வரம்புக்கு மேல் ஒரு கிலோமீட்டர் போனாலும் அபராதமா என்று கேட்கிறார்கள். கருவியின் பிழைக்காக நான்கைந்து கிலோமீட்டர் விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. பிரிட்டனில் வரம்புக்கு மேல் பத்து சதவீதமும் அதற்கு மேல் மணிக்கு இரண்டு மைலும் தள்ளிக் கணக்கிடுவது காவல்துறையின் வழக்கம். உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும் வேகமானியைத் தயாரிப்பாளர்கள் பொருத்தக் கூடாது என்பதால், முள் 60-ல் இருக்கும்போது வண்டி பெரும்பாலும் 60-ஐத் தொட்டிருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என்னைப் பொறுத்தவரை அபராதத் தொகையைக் கூட்டுவதில் பயன் குறைவு. எதிரே வருபவர் முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டினால் முன்னே போலீஸ் நிற்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும். அந்த நூறு மீட்டரைச் சாதுவாகக் கடந்துவிட்டு மறுபடியும் மிதிக்கிறோம். பிரிட்டனில் பல ஆண்டுகளாக இருப்பதுபோல, இரண்டு இடங்களுக்கு இடையே எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் இந்தச் சிமிட்டலுக்கு வேலையே இருக்காது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது பேருந்து. சில மாதங்களுக்கு முன் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு தனியார் பேருந்தில், ஓட்டுநருக்கு இடப்பக்கம் என்ஜின் மூடியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். ஐயம்பேட்டையில் ஒரு லாரி பின்னோக்கித் திரும்பியதில் நான்கு நிமிடம் போயிற்று. அதன் பிறகு ராஜகிரியையும் பாபநாசத்தையும் அந்த வண்டி கடந்த விதத்தை விவரித்தால் வீட்டில் என்னைப் பேருந்தில் ஏறவிடமாட்டார்கள். கடைவீதியில் ஏர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, இறங்க வேண்டிய மூதாட்டியைப் பாதி ஓட்டத்தில் இறக்கிவிட்டார்கள். எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று பார்க்க டாஷ்போர்டை எட்டிப் பார்த்தேன். வேகமானியின் முள் சுழியத்தில் படுத்திருந்தது. அதன் கண்ணாடியில் விபூதிப் பட்டை, மேலே ஒரு கதம்பச் சரம். வேக வரம்பு எவ்வளவாக இருந்தால்தான் என்ன, அதை அறிந்துகொள்ளும் வழியே அந்த ஓட்டுநருக்கு இல்லை. போக்குவரத்து வாகனங்களில் 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் என்கிறார்கள். கருவி ஒழுங்காக வேலை செய்தாலும், 80 வரை தாராளமாகப் போகலாம் என்றால் பாபநாசம் கடைவீதியில் அதனால் யாருக்கு என்ன பாதுகாப்பு?

கும்பகோணத்தில் வண்டி நின்றதும் நடத்துநர் கையில் ஒரு தாளோடு, பேருந்துகளின் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பரின் அறைக்கு ஓடினார். ஓட்டுநர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “சாருக்கு என்னைத் தெரியலையா?” என்றார். என்னிடம் பிளஸ் டூ படித்தவர். 28 மீட்டர் கணக்கை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “ஞாபகம் இருக்கு சார். ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா பின்னாடி வர்றவன் நம்ம ஆளையெல்லாம் ஏத்திட்டுப் போயிடுவான். சாயந்தரம் கலெக்‌ஷன் குறைஞ்சா முதலாளி லாரியையா கேப்பாரு?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் சட்டத்திலேயே இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 183-வது பிரிவு, வரம்பை மீறும் இலகுரக வாகன ஓட்டுநருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகன ஓட்டுநருக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கிறது. மறுமுறை மீறினால் உரிமமே முடக்கப்படும். எல்லோரும் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே பிரிவின் முதல் உட்பிரிவே, தன்னிடம் வேலை பார்க்கும் ஓட்டுநரை வரம்பு மீற வைப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. நான்காம் உட்பிரிவோ, வரம்பை மீறாமல் நிறைவேற்ற முடியாத ஒரு கால அட்டவணையை வெளியிட்டாலோ, இத்தனை நிமிடத்துக்குள் போய்ச் சேர் என்று உத்தரவிட்டாலோ, அந்த அட்டவணையே, அந்த உத்தரவே, அவர் குற்றம் புரிந்ததற்கு முதல்நிலைச் சான்று என்கிறது. இப்படி ஒரு வாசகம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்பதை அந்த முதலாளியும் அறிந்திருக்க மாட்டார், என் மாணவரும் அறிந்திருக்க மாட்டார்.

இதில் ஒரு சங்கடம் இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தனியார் பேருந்துகளின் புறப்பாட்டு நேரங்களை, உரிமையாளர்களை அழைத்துப் பேசி முடிவு செய்வதும், பர்மிட்டில் அவற்றை ஏற்றுவதும் போக்குவரத்துத் துறையே. நான் பயணம் செய்யும் சாலையில் நிறுத்தங்கள் கூடிவிட்டன, வேகத்தடைகள் கூடிவிட்டன, வண்டிகள் எத்தனை மடங்கு பெருகின என்று சொல்லத் தேவையில்லை. ஓட்ட நேரம் மட்டும் அதற்கேற்ப நீளவில்லை. முன்னே ஒரு வண்டி, பின்னே ஐந்து நிமிட இடைவெளியில் இன்னொரு வண்டி, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவரிடம் ரேடார் துப்பாக்கியை நீட்டி 2,000 ரூபாய் வாங்கினால், அதை ஈடுகட்ட அவர் மறுநாள் இன்னும் வேகமாகப் போவார் என்றே அஞ்சுகிறேன்.

ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் செய்யக்கூடிய ஒரு காரியத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கோருகிறேன். ஒவ்வொரு வழித்தடத்திலும், எல்லா நிறுத்தங்களிலும் நின்று, பலகைகளில் உள்ள வரம்பை எங்கும் மீறாமல் ஓர் அரசு வாகனத்தை ஓட்டிப் பார்த்து, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். காலையில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள் என்று பார்த்தால் போதும். அந்த நேரத்துக்குக் குறைவாக எந்தப் பேருந்தின் பர்மிட்டிலும் ஓட்ட நேரம் இருக்கக் கூடாது. இருந்தால் அதைத் திருத்தி, திருத்திய அட்டவணையை டைம் கீப்பரின் அறைக்கு வெளியே பயணிகள் படிக்கும்படி ஒட்டட்டும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வரும் நாளில் மட்டும் உயிர்பெறும் வேகமானியைச் சாலையிலும் நிறுத்திச் சோதிக்கட்டும். அதற்குப் பிறகும் பறக்கிறவர் எவராக இருந்தாலும், என் மாணவராகவே இருந்தாலும், உரிமத்தை முடக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்