வட்டத்துக்கு அகலம் எதற்கு?

ஆசிரியருக்கு,

கல்வி இணைப்பில் வந்த ஜாவா நிரல்மொழிப் பாடத்தில் 'வடிவம்' என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸின் (வட்டம், செவ்வகம் போன்ற கிளாஸ்களுக்குத் தாயாக மட்டும் இருக்கும் பொது கிளாஸ்) கன்ஸ்ட்ரக்டரே, அதாவது பொருளை உருவாக்கும்போது இயங்கும் பகுதியே, நீளம், அகலம் இரண்டையும் கேட்கிறது. வட்டத்துக்கு அகலம் ஏது? என் மாணவி ஒருத்தி அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுச் சமாளித்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நிறம் எல்லா வடிவத்துக்கும் உண்டு, அது மேலே, 'வடிவம்' கிளாஸிலேயே இருக்கட்டும், சரி. ஆரத்தை வட்டத்தின் கன்ஸ்ட்ரக்டர்தான் வாங்க வேண்டும். ஜாவாவின் சொந்த நூலகத்தையே பாருங்கள்: தரவைப் படிப்பதற்கான அப்ஸ்ட்ராக்ட் கிளாஸான இன்புட்ஸ்ட்ரீம் கோப்பின் பெயரைக் கேட்பதில்லை. அதன் கீழ் வரும் ஃபைல்இன்புட்ஸ்ட்ரீம் கேட்கிறது. பைட்அரேஇன்புட்ஸ்ட்ரீமுக்குக் கோப்பே வேண்டாம், பைட் வரிசை போதும். பயன்படுத்துகிறவருக்கோ இரண்டிலும் படிப்பதற்கான ரீட் மெத்தட் ஒன்றுதான்.

அடுத்த இணைப்பிலேயே திருத்தம் போட்டுவிடுங்கள். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது.

– கணினி ஆசிரியை, திண்டுக்கல்